சாஃப்ட் கிரெடிட்

நாலு மணிக்கு ஜஸ்டஸ் அண்ணன்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பின்விளைக்குள் நுழையும்போது
நானும் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன்.
அவருக்கு நானூற்று இருபது மரம்.
எனக்கு அறுபது கேள்வி.

கருங்கல்லிலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர்.
நெட் வருவது வடக்கு ஜன்னலோரம் மட்டும்.
அங்கேதான் ரப்பர் ஷீட்டும் தொங்கும்.
அந்தப் புளித்த வாசனையில் இருந்துகொண்டு
தொண்டு நிறுவனங்களுக்கான
மென்பொருள் ஆலோசகர் தேர்வுக்குப் படிக்கிறேன்.
அப்படியென்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு
ஒரு பதில் வைத்திருக்கிறேன்:
கொடுத்தவர் பெயரை மறக்காத ஒரு பெட்டி,
அதைச் சரியாகப் பூட்டித் தருகிற ஆள்.

போன மார்ச்சில் தோற்றேன்.
அறுபத்தேழு வேண்டும், அறுபத்துமூன்று வந்தது.
மூன்று கேள்வி.
பதினைந்தாயிரம் ரூபாய்.
ஒட்டுபால் விலையில் அதைக் கணக்குப் போட ஆரம்பித்த அம்மா
பாதியில் நிறுத்திவிட்டாள்.

தொடர் நன்கொடை எனக்குச் சுலபம்.
மாதாமாதம் சொட்டுவது, மழை மாதத்தில் நிற்பது.
நின்றதை முடிந்தது என்று குறித்துவிடக் கூடாது.
சிரட்டையைக் கவிழ்த்துவைத்த மரத்தை
யாராவது பட்டமரம் என்பார்களா?
எந்த விதத்தில் கேட்டாலும் இதில் விழமாட்டேன்.

ஒரே ஆள் இரண்டு பதிவாய் இருந்தால் இணைக்கவும்
இரண்டு பேர் ஒரே பெயரில் இருந்தால் பிரிக்கவும் தெரியும்.
எங்கள் சபையில் நாலு டென்னிசன்:
கல்லுவிளை டென்னிசன், பேங்க் டென்னிசன்,
துபாய்க்குப் போய்வந்த டென்னிசன்,
விசா எடுத்தும் போகாத டென்னிசன்.

நான் விழுந்த இடம் குடும்பம்.
ஒரு வீடு, ஒரு பதிவு, மேலே ஒரு பெயர்.
காசு யாருடையதோ அவருக்கு முழு வரவு.
தூண்டியவருக்கு, கூட நின்றவருக்கு
சாஃப்ட் கிரெடிட்.
மெத்தென்ற வரவு, தலையணை மாதிரி.
மொத்தத்தில் கூடாது, ரசீதிலும் வராது.
தேடினால் தெரியும்.

சபை மண்டபத்துச் சலவைக்கல்லில் பதினாலாவது வரி:
தி. ஞானாபரணம் குடும்பம், ரூ. 25,000.

மரத்து மூட்டில் உறைந்ததைப் பிய்த்துப் பிய்த்துச்
சாக்கில் சேர்த்து
சந்தையில் எடைபோட்டு
எட்டு வருஷம் அம்மா மிச்சம் பிடித்தது அது.
அப்பா போட்டது கையெழுத்து.
நல்ல கையெழுத்துதான், குறை சொல்ல முடியாது.

தேர்வுக்கு முந்தின ராத்திரி
பயிற்சித் தளத்தின் பொய்ப்பெயர்களை அழித்துவிட்டுப்
புதிய பதிவு ஒன்று திறந்தேன்.
கொடுத்தவர், அம்மா. தொகை, முழுதாக.
தேதிக்குக் கல்லில் இருந்ததையே போட்டேன்.
கீழே, கணவர், ஞானாபரணம், சாஃப்ட் கிரெடிட்.
சேமித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

கண்ணாடி இல்லாததால்
தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள்.
"எனக்க பேரு எதுக்குப் பிள்ளே இதில?"
"பரீட்சைக்கு."
"உனக்க அப்பாக்க பேரு அடியில கெடக்கு."
"ஆமா."
கொஞ்ச நேரம் நின்றாள்.
"லிலிபாய்ன்னு அடிச்சு வச்சிருக்க.
ஒரு ல் கொறையுது."

திருத்தினேன்.

காலையில் கேமராவால் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள்.
எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர்
மஞ்சளாய்த் தொங்குவது என்ன என்று கேட்டு எழுதினார்.
பதினாறு ஷீட். ஒவ்வொன்றாய் விலக்கிக் காட்டினேன்.
பின்னால் யாரும் ஒளிந்திருக்கவில்லை.

அதற்குள் அம்மா மைக்செட்காரரிடம் போய்
பதினொன்றரை வரை சத்தம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு
வாசலில் காவல் இருந்தாள், கையில் ஒரு கம்போடு,
கோழிகளுக்காக.

முதல் கேள்வி
தன்னார்வலர் வருகைப் பதிவு பற்றி.
அந்தப் பாடத்தை நான் திறக்கவே இல்லை.

வெளியே யாரோ "லில்லி அக்கா" என்று கூப்பிட
"ஸ்ஸ்" என்றாள்.