குட்டி குவாவ், ஆண், ஒன்று

நாலாயிரத்துச் சொச்சம் படங்கள்.
நாற்பத்தைந்து நாள் காடு
நகத்தளவு அட்டையில் வந்து சேர்ந்திருக்கிறது.
ருங்கான் ஆறு ஏறி
வீட்டுக் கால்களை நனைக்கிறது.
ஜெனரேட்டர் பத்து மணிக்கு நின்றுவிடும்;
அதற்குள் பார்த்துப் பெயரிட வேண்டும்,
படத்துக்கு இவ்வளவு ரூபியா என்று பேச்சு.

பன்றி. பன்றி. பன்றியின் பின்புறம்.
மழை.
ஒரே ஓர் இலை ஆடியதில்
முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
காற்றுக்கும் கூலி உண்டா என்று
கம்பெனியைக் கேட்க வேண்டும்.
சருகுமான், எதையோ மறந்துவிட்டு வந்தது போல.
லென்ஸை நக்கிப் பார்த்த தேன்கரடி.
அப்புறம் அதன் எச்சில் காயும்வரை
மூடுபனி.
மறுபடி பன்றி.

2217.
சருகு மேல் சருகு.
கடந்து போயிருப்பேன்.
சருகுக்குக் கண் இருந்தது.

ஒன்றல்ல.
பச்சையா நீலமா என்று முடிவெடுக்காத வட்டங்கள்,
இறகுக்கு இறகு விழித்தபடி.
இருபத்து மூன்றுவரை எண்ணி விட்டுவிட்டேன்.
முகத்தில் சிவப்பு,
தொண்டையில் சுண்ணாம்பு தீற்றிய வெள்ளை.
வாலை ஒருக்களித்து விரித்து
யாருக்கோ காட்டிக்கொண்டிருக்கிறது.
படத்துக்கு வெளியே நிற்கிறாள் அவள்,
அப்படி ஒருத்தி இருந்தால்.

பெரிய குவாவை எல்லோருக்கும் தெரியும்;
அக்கரையிலிருந்து கத்தினாலும் இக்கரைக் குழந்தை விழிக்கும்.
இது குட்டி குவாவ்.
இதைப் பார்த்தேன் என்று எங்கள் ஊரில் சொல்பவன்
வேறு பலதும் பார்த்ததாகச் சொல்பவன்.
ஓர் ஈட்டுக்கு ஒற்றை முட்டை என்றார்கள் பயிற்சியில்.
கோழிக்குக்கூட
கைதவறி உடைய இரண்டு கூடுதலாக உண்டு.

2218.
மூன்று நிமிடம் கழித்து, அதே சருகு.
அதில் என் தம்பி தெஹென்.
தோளில் நைலான் சுருள்,
கக்கத்தில் சீவிய முளைக்குச்சிகள்.
நேராக லென்ஸைப் பார்க்கிறான்,
நாய் குரைத்த திசையைப் பார்ப்பது போல.

எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன.
ஒன்றை அழித்தால்
பல் விழுந்த இடம் போலத் தெரியும்.
பறவையைக் கொடுத்தால்
அவனையும் கொடுக்க வேண்டும்.
பறவை உண்டென்று காகிதம் போனால்
அந்தக் காட்டை எண்ணெய்ப்பனைக்கு வெட்ட மாட்டார்களாம்.
இந்த 'மாட்டார்களாம்' எங்களுக்குச்
சம்பளத்தோடு சேர்ந்தே வருகிறது.

கூப்பிட்டுக் காட்டினேன்.
முதலில் தன்னைத்தான் பார்த்தான்.
"இவ்வளவு இளைத்துவிட்டேனா, கமெலோ?"
பிறகு முந்தைய படம்.
திரையில் விரலை வைத்து
கண்களை ஒவ்வொன்றாக மூடினான்,
திறந்தான்.
"இந்த வேரடியில்தான் எட்டுச் சுருக்கு வைத்தேன்.
மூன்று நிமிடமா?"
"மூன்று."
"அப்படியென்றால் பக்கத்தில்தான் நின்றிருக்கும்,
என்னைப் பார்த்துக்கொண்டு."
அதற்கு நான் என்ன சொல்ல?
உயிருடன் கொண்டுபோனால்
கசோங்கான் வியாபாரி என்ன தருவான் என்பது
இருவருக்கும் தெரியும்.
இருவரும் அந்தத் தொகையைச் சொல்லவில்லை.

ஜெனரேட்டர் இருமி அடங்கியது.
கணினியில் மிஞ்சிய ஒன்பது சதவீத வெளிச்சத்தில் எழுதினேன்:
2217: குட்டி குவாவ், ஆண், ஒன்று.
2218: மனிதன், ஆண், ஒன்று. முகம் தெளிவில்லை.

அவன் புருவத்தில் ஒட்டியிருந்த
சிலந்தி நூல்கூடத் தெரிந்தது.

விடியுமுன் படகு மோட்டார் சத்தம்.
எழுந்து பார்த்தேன்,
சுவராணியில் நைலான் சுருள் இல்லை.
எட்டையும் அவிழ்த்து வரப் போனவனுக்குச்
சுருள் எதற்கு?
படகைக் கட்ட, என்று சொல்லிக்கொண்டேன்.
தண்ணீர் ஏறியிருக்கிறது,
நீளக் கயிறு வேண்டும், என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த அட்டை வர நாற்பத்தைந்து நாள்.
ஒரு முட்டை பொரிய
அதில் பாதி போதும்.