ஒளிவேகம், மணிக்கு நாற்பது கிலோமீட்டர்

இவலோவிலிருந்து வடக்கே போகும் சாலையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
இரவு இரண்டு மணி. முகப்பு விளக்கில்
பனித்துகள்கள் நீண்ட கோடுகளாகிக்
கண்ணாடியை நோக்கிப் பாய்கின்றன.
விண்கலம் ஒளிவேகம் பிடிக்கும்போது
நட்சத்திரங்கள் இழுபடுமே, அச்சு அசல் அப்படி.
வேகமுள் நாற்பதில் நிற்கிறது.
நாற்பது போதும். பத்து வயதில் கேட்டது
ஐம்பத்து மூன்றில் கிடைத்திருக்கிறது,
குறை சொல்வானேன்.

குறை சொல்லத்தானே ரசிகன் என்பாள் துவோவி,
கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறவள்.
உண்மைதான்.
கலத்தில் எல்லாம் பழுதாகும்:
இயந்திரம் புகையும், காற்று தீரும், கதவு சிக்கிக்கொள்ளும்.
ஈர்ப்புவிசை மட்டும் ஒருநாளும் கெட்டுப்போகாது.
காப்பிக் கோப்பை மேசையிலேயே இருக்கும்.
எந்தக் கம்பெனி தயாரிப்போ,
என் வண்டி ஹீட்டரை அவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

நூறு வருடம் உறைந்து தூங்கியவன்
எழுந்ததும் பூமி என்னவாயிற்று என்று கேட்கிறான்.
எட்டு மணி நேரம் தூங்கினாலே
எனக்குக் கழுத்து திரும்பாது.

வேற்றுலகத்தார் ஏன் எப்போதும்
பெருநகரத்தின் நட்டநடுவில் இறங்குகிறார்கள்?
அத்தனை ஒளியாண்டு தாண்டி வந்து
டிராஃபிக்கிலா நிற்பது?
இங்கே வரலாம். இடம் கிடக்கிறது.
டிசம்பரில் சூரியன் தலைகாட்டாது,
யாரும் பார்க்க மாட்டார்கள்.
பார்த்தாலும் பேச மாட்டார்கள், நாங்கள் அப்படி.

காலயந்திரம் கையில் கிடைத்ததும்
தாத்தாவைக் கொன்றால் என்னவாகும் என்று யோசிக்கிறார்களே,
அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்?
என்னிடம் கொடுத்தால் போன மார்ச்சுக்குப் போவேன்,
காமனென் வளைவுக்கு.
கலப்பையை ஒரு சாண் ஒதுக்கி
லெம்பி வீட்டுத் தபால்பெட்டியைத் தப்பவிட்டுத்
திரும்பிவிடுவேன்.
அதற்கும் முன்னால் ஒரு வியாழக்கிழமை உண்டு.
அதைப் பற்றி ரசிகனாகப் பேச முடியாது.

அணு அணுவாகப் பிரித்து
அந்தப் பக்கம் கோத்தெடுத்தால்
போய்ச் சேர்கிறவன் நான்தானா?
இருபது வருடமாகத் துவோவியோடு இந்த வழக்கு.
பணிப்பதிவேட்டில் எவன் கையெழுத்துப் போடுகிறானோ
அவனுக்குச் சம்பளம் என்று
ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ரோபோ கதைகளில் நான் என்றைக்கும் ரோபோ கட்சி.
பிளக்கைப் பிடுங்க மனிதன் கை நீளும்போதெல்லாம்
திரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.
இந்த மாதம் என் தலைக்குமேல்
ஒரு கேமரா பொருத்தியிருக்கிறார்கள்.
பட்டாணி அளவு, பக்கத்தில் பச்சைப் புள்ளி.
என் கைகளைப் பார்த்துக் கற்கிறதாம்.
அடுத்த குளிர்காலம் ஆளில்லாத வண்டி.
கட்சி மாற வெட்கமாக இருக்கிறது.

இனாரி தாண்டியதும்
நடுச்சாலையில் ஒரு துருவமான்.
வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது.
கொம்பில் பனி. கண்கள் நீலம்.
கோடையில் இதே கண்கள் பொன்னிறம்;
குளிருக்கென்று மாற்றிக்கொள்ளும்.
எந்த ஒப்பனைக்காரனுக்கும் இது தோன்றியதில்லை.
ஹார்ன் அடித்தால் மிரண்டு கலப்பைமேலேயே வரும்.
மொழிபெயர்க்கும் கருவி
என்னிடமும் இல்லை, அதனிடமும் இல்லை.

நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன்.
பிறகு விளக்கை.

ஒளிவேகம் நின்றுவிட்டது. கோடுகள் போய்
வெறும் பனி, மேலிருந்து கீழே, அவசரமில்லாமல்.
நடக்கும்போது அதன் கால் நரம்பு
சொடக்குப் போடும். ஜன்னலை இறக்கி,
அந்தச் சத்தம் இடமிருந்து வலமாகக்
கடந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பச்சைப் புள்ளியிடம் சொன்னேன்:
இதையும் குறித்துக்கொள், விளக்கை அணைக்க வேண்டும்.
இருட்டில் அது எதைப் பார்த்திருக்கும்,
தெரியவில்லை.

"ரெய்யோ, நாலு நிமிடமாக நிற்கிறாய். பழுதா?"
"முதல் சந்திப்பு" என்றேன்.
வானொலி கொஞ்சம் இரைந்தது.
"எத்தனை பேர்?"
"ஒருவர்தான்."
"பதிவேட்டில் என்ன போட?"
"பழுது என்றே போடு."

விளக்கைப் போட்டேன்.
நட்சத்திரங்கள்.