மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் சைலன்சர்

ஐஸ்பெட்டி ஏற்றுகிற வண்டிக்கு
இப்படியொரு குரல் ஆகாது.
கோரையாற்றுப் பாலம் ஏறும்போதே
அக்கரைக்குக் கேட்டுவிடும்
நான் வருகிறேன் என்று.
முதலில் நாய்கள். பிறகு பெண்கள்.
பெட்டியை இறக்குவதற்குள்
ஒப்பாரி பாதி ஓய்ந்திருக்கும்.

வேதாரண்யம் உப்பு ஏற்றிய இரண்டு வருடம்
தகரத்தைத் தின்றது.
போன ஐப்பசியில் வடுவூர்ப் பக்கம்
முழங்கால் தண்ணீரில் ஓட்டியது
மிச்சத்தைத் தின்றது.
நடுக்குழாயில் ஒரு ரூபாய்க் காசு நுழையும்.
பவுடர் டப்பாவை வெட்டிச் சுற்றி
கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன்.
இரண்டு நாள் மரியாதையாக இருந்தது.

கோட்டூரில் அன்று அவசரப்பட்டுவிட்டார்கள்.
ஓய்வுபெற்ற கண்டக்டர்.
நாடி இல்லை என்று மருமகன் போன் செய்தார்.
வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.
அணைத்த பிறகும் ஒருமுறை இருமும் வண்டி,
இருமியது.
உள்ளே கட்டிலில் கண் திறந்து
"யாருக்கு?" என்றார்.
மருமகன் என்னைப் பார்த்தார்.
நான் டயரைப் பார்த்தேன்.

கம்பெனி சாமான் பதினோராயிரத்து எண்ணூறு.
பெட்டி வாடகை நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு,
அதிலும் பாதிப் பேர்
பதினாறு முடியட்டும் என்பார்கள்.
சாவு வீட்டில் பாக்கி கேட்கிற நாக்கு
எனக்கு இன்னும் முளைக்கவில்லை.

கூத்தாநல்லூர் ஜெகபர் சாதிக் கடையில்
பழைய இரும்புக்கு நடுவே
ஒரு பள்ளிக்கூட வேனின் சைலன்சர் கிடந்தது.
குலுக்கினேன். உள்ளே எதுவும் உருளவில்லை.
"அத்தனை புள்ளைங்க கத்துனதையே தாங்குன சாமான்" என்றார்.
தொள்ளாயிரம்.

மரியசெல்வம் பட்டறையில் எனக்கு முன்னால்
ஒரு புல்லட் பையன்,
சத்தம் ஏற்ற வந்தவன்.
என்னை அவன் பார்த்த பார்வையில்
வயசாகிவிட்டது தெரிந்தது.

ஜி.ஐ. பைப் வேண்டாம்,
நெருப்புப் பட்டால் அதன் புகை நெஞ்சைப் பிடிக்கும்;
கறுப்புக் குழாய் ஏழடி வாங்கு என்றான் மரியசெல்வம்.
வளைக்கிற மிஷின் திருவாரூரில்.
அதற்குக் கட்டாது, ஒரு சட்டி ஆற்றுமணல் கொண்டுவா.

காவிரி பிரிந்து பிரிந்து ஓடுகிற ஊரில்
ஒரு சட்டி மணலுக்கு அலைந்தேன்.
கட்டி முடிக்காத கல்யாண மண்டபத்தில்
வாட்ச்மேனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து
அள்ளி வந்தேன், திருட்டு மாதிரி.

ரவை வறுப்பதுபோல் அதை வறுத்தான்.
ஈரம் இருந்தால் குழாய் வெடிக்குமாம்.
கொட்டி, தட்டித் தட்டி இறுக்கி
இரண்டு வாயிலும் கட்டை அடித்து
சிவக்கச் சிவக்கக் காட்டி வளைத்தான்.
ஆக்சிலைத் தாண்ட ஒரு வளைவு,
டயரை விட்டு ஒதுங்க ஒரு வளைவு.
மடை திரும்புகிற வாய்க்கால்போல வந்தது,
எங்கும் நசுங்கவில்லை.
கட்டையைத் தட்டியதும் சுடச்சுடக் கொட்டிய மணலை
வாளியில் பிடித்து மூடிவைத்தான்,
அடுத்த வண்டிக்கு.

கேஸ்கட், கிளாம்ப், ரப்பர், கூலி
எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு.
திரும்பும்போது முதல்முறையாக
வண்டிக்குள் ஸ்பேனர் உருள்வது கேட்டது.
கண்ணாடி கிடுகிடுப்பது கேட்டது.
தவளைகள் கேட்டன.

பதினோரு நாள் கழித்து
கோட்டூருக்கே கூப்பிட்டார்கள்.
விடியற்காலை மூன்று மணி.
ஒரு நாய்கூடத் தலை தூக்கவில்லை.
அழுது ஓய்ந்து எல்லாரும் தூங்கியிருக்க வேண்டும்,
டியூப்லைட் மட்டும் விழித்திருந்தது.
ஹாரன் அடிக்கிற இடமா அது?
ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தேன்.
உம் என்றது, அவ்வளவுதான்.

ஒரு சின்னப் பெண் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.
வண்டியைப் பார்த்தாள்.
"தண்ணி கேன் வண்டியா?"
இல்லை பாப்பா என்றேன்.
அடுத்த வார்த்தைக்கு
அந்தப் பழைய ஓட்டை
உதவியிருக்கும்.