வெளியேறிய காரணம்

தானே புயல் ஆவண அறையின் கூரையைத்
தூக்கிக்கொண்டு போன மறு வாரம்
மஞ்சக்குப்பத்தில் எனக்கு வேலை கிடைத்தது.
மூன்று மாத ஒப்பந்தம், தினக்கூலி.
நனைந்ததை உலர்த்த வேண்டும்.

கரண்ட் இல்லை.
மையொற்றும் தாள் இரண்டாம் நாளே தீர்ந்தது.
வராந்தாவில் கொடி கட்டி
நிலவரிப் பதிவேடுகளைக் கவிழ்த்துப் போட்டோம்.
ஒடிந்த பலாமரங்களின் பால் வாசம்
பண்ருட்டி பக்கமிருந்து வந்துகொண்டேயிருந்தது.

அதில் ஒன்று நிலத்தைப் பற்றியதில்லை.
கெடிலத்துக்குத் தெற்கே இருந்த
செட்டில்மென்ட் விடுதிப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு.
அந்த இடத்தில் இப்போது தீவனக் கிடங்கு.
வரிசை எண். பெயர். வந்த தேதி.
சாதிக் கட்டத்தில் ஒரே ரப்பர் முத்திரை: குற்றப்பரம்பரை.
தகப்பனின் கைரேகை எண்.
உடலில் அடையாளம்.
வெளியேறிய காரணம்.

இருநூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள், ஆறே பெயர்கள்.
எழுத்தரின் சோம்பல் என்று நினைத்தேன்,
தேதிகளைக் கிழமையோடு ஒட்டிப் பார்க்கும்வரை.
திங்களன்று பிடித்து வந்தவன் சோமு.
செவ்வாயில் வந்தவள் மங்களம்.
புதனில் வந்தவன் புதன், அதற்குமேல் யோசிக்கவில்லை.
ஒரே வெள்ளியில் வந்த அக்காவும் தம்பியும்
வெள்ளி ஒன்று, வெள்ளி இரண்டு.
ஞாயிறு அலுவலகம் விடுமுறை.
அம்மா வைத்த பெயருக்குக் கட்டமே கிடையாது.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
'தன் பாஷையில் பேசினான். இரவுச் சோறு இல்லை.'

அழிக்கத்தக்கவை பட்டியலில்
அது அறுபத்தேழாவது.
"யாரு வந்து கேக்கப்போறா?" என்றார் சூப்பிரண்டு.
கெட்டவர் இல்லை. அவர் வீட்டு ஓடும் பறந்திருந்தது.

நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனது என்று
வரிசையில் நின்றார் ஒருவர்.
பெயர் கேட்டார்கள்.
"சனியன்."
வரிசை சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஓடிப்போய்க் கேட்டேன்:
"ஐயா, நீங்க சனிக்கிழமை வந்தவரா?"

வராந்தாவில் உட்கார்ந்து பக்கம் திருப்பினார்.
பேரை மாற்றியிருக்கலாமே என்றதற்கு
"ரேஷன் கார்டு இதுலதான் இருக்கு" என்றார்.
தன் வரியில் நிற்கவில்லை.
எண் நூற்றுப் பதின்மூன்றில் விரல் நின்றது.
புதன். வயது ஒன்பது.
வெளியேறிய காரணம்: ஓடிப்போனான்.

"எங்க ஓடுனான்? ரெண்டு காலும் வீங்கிக் கெடந்தான்.
கேவுரு குடோனுக்குப் பின்னால
நானும் இன்னும் ரெண்டு பேரும் தோண்டுனோம்.
ராந்தல் புடிச்சது வாத்தியாரு.
ஓடுன புள்ளயக் காட்டுன்னு
அவன் அப்பன நாலு வருசம் ஸ்டேசனுக்கு இழுத்தாங்க.
அழிச்சு எழுதும்மா."

என்னிடம் அழிப்பான் இருந்தது.
"அழிச்சா அவங்க சொன்ன பொய்யும் போயிடும் ஐயா," என்றேன்.
"நாளைக்கு, அப்படி யாரும் எழுதவே இல்லம்பாங்க."
வெகுநேரம் பேசவில்லை.
ஈரப் பக்கமொன்று காற்றில் ஒட்டிப் பிரிந்தது.

பிறகு வெள்ளைத்தாள் கேட்டார்.
அவரே எழுதினார்,
அந்தப் பள்ளி கொடுத்த கையெழுத்தில்,
குண்டு குண்டாக, கோட்டைத் தாண்டாமல்.
'ஓடவில்லை. செத்தான். புதைத்தோம்.'
கீழே மூன்று பேர். கிழமைப் பெயர்கள் அல்ல.
அந்தப் பெயர்களை இங்கே சொல்ல
எனக்கு அனுமதி இல்லை.

குண்டூசி குத்தவில்லை, துரு காகிதத்தைத் தின்னும்.
பருத்தி நூலால் கட்டினேன்.
அறுபத்தேழை அடித்துவிட்டு
நிரந்தரம் என்று எழுதினேன்.
எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.
சூப்பிரண்டு பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
கையெழுத்துப் போட்டார்.

நிவாரணம் அவருக்குக் கிடைத்ததா, தெரியாது.
மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிந்தது.

கிழக்குச் சுவர், மூன்றாவது அலமாரி, மேல்தட்டு.
வெள்ளம் ஏறாத உயரம் பார்த்து வைத்திருக்கிறேன்.
போய்க் கேளுங்கள்.
இல்லை என்பார்கள்.
இன்னொரு முறை கேளுங்கள்.