நவம்பரில் நான்கு நாள்

நவம்பர் இரண்டாம் வாரம்
கதவில் 'இடமில்லை' பலகையைத் தொங்கவிடுவேன்.
ஏழு அறையும் காலி என்பது
எனக்கும் கொதிகலனுக்கும் மட்டும் தெரியும்.

மற்ற நாளெல்லாம்
லட்லோவுக்கு ஏன் வரவேண்டும் என்று
ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.
வீட்டில் ஆவி உலவுமா என்பார்கள்.
இல்லை என்பேன்.
முகம் வாடினால்
எப்போதாவது என்பேன்.

இந்த நான்கு நாளில் மட்டும்
எங்கே போவதென்று எனக்கே தெரியாது.
சமையலறை மேசை நிறைய விளம்பரத்தாள்கள்.
எழுதத் தெரிந்தவளுக்குப் படிக்கவும் தெரியும்:
'பழமை மாறாத' என்றால்
உத்தரம் நெற்றியில் இடிக்கும்.
'அமைதியான சூழல்':
கடைசிப் பேருந்து நாலே காலுக்கு.
'நதியின் மடியில்' என்றால்
போன பிப்ரவரியில் நதி
கூடத்துக் கம்பளத்தின்மேல் படுத்திருந்தது.
'குடும்பப் பாங்கு' என்றால் நாய்.
இது என் விளம்பரத்திலும் உண்டு.
நாயின் பெயர் கர்னல்.

ரை நகரம்?
அந்தக் கூழாங்கல் தெரு முழங்காலுக்கு ஆகாது.
லாவனம்? கோணல் வீட்டைப் பார்க்கக்
காசு கொடுத்துப் போவானேன்,
என் ஐந்தாம் அறையில் பென்சில் விழுந்தால்
ஜன்னலோரம் போய்த்தான் பொறுக்கவேண்டும்.
யார்க்ஷயரில் ஒரு பண்ணைவீடு, படத்தில் வெயில்.
அந்த வெயிலுக்கு
எத்தனை நாள் காத்துக் கிடந்தார்களோ.

வெல்ஸில் ஒரு எண்ணைக் கூப்பிட்டேன்.
எடுத்த பெண்ணுக்கு மூச்சிரைத்தது.
"படி செங்குத்து, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
வெந்நீர் வர எண்பது வரை எண்ணவேண்டும்.
ஜன்னலில் கார் நிறுத்துமிடம் தெரியும்,
தலையை நீட்டினால் கோபுரத்தில் ஒரு துண்டு.
பக்கத்து அறையில் இரவெல்லாம் இருமல் கேட்கும்.
காலிசெய்யச் சொல்ல முடியாது,
என் அண்ணன் லயனல்."

முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன்.

பகலில்
பேராலயக் கடிகாரத்தின் கீழ் நின்றேன்.
கால் மணிக்கு ஒருமுறை
குதிரை வீரர்கள் சுற்றி வருகிறார்கள்,
ஒருவன் அடிபட்டுச் சாய்கிறான்.
எப்போதும் அதே ஒருவன்.
அடுத்த கால் மணிக்குள் நிமிர்ந்துவிடுகிறான்,
ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நான் நிமிர்வதுபோல.
மூன்றாம் சுற்றில்
மனதுக்குள் அவன்மேல் பந்தயம் கட்டினேன்.
தோற்றேன்.

இரவு,
சுவருக்கு அப்பால் இருமல்.
சொன்னபடி, குறைவில்லாமல்.
என் விருந்தாளி எவருக்கும் நான்
இவ்வளவு சொல் தவறாமல் இருந்ததில்லை.
இரண்டு மணிவாக்கில் காது பழகித்
தூங்கிப்போனேன்.

மூன்றரைக்கு
அது நின்றது.

எழுந்து உட்கார்ந்தேன்.
போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு
யார் வீட்டிலோ
யாருடைய அண்ணனுக்காகவோ
எண்ணத் தொடங்கினேன்.

எழுபத்தொன்றில்
குழாய்க்குள் வெந்நீர் புறப்படுவதுபோல்
முதலில் ஒரு கரகரப்பு.