சான்றுப் பொருள் மூன்று

ஓட்டையை அடைக்காதே என்றது கடலோரக் காவல்.
அடைத்துக்கொள் என்றது மீன்வளத் துறை.
பதினோரு மாதம் ஆறுகாட்டுத்துறை மணலில்
கவிழ்ந்து கிடந்தது வீரக்குமாரின் படகு.
ஆடுகள் அதன் நிழலில் படுத்தன.

நான் ஃபைபர் ஒட்டுகிறவன்.
பாய், பிசின், கொஞ்சம் ஹார்டனர்;
வெயில் இருந்தால் இரண்டு மணி நேர வேலை.
சுபாசினி வந்து கேட்டது வேறு:
"அண்ணே, ஓட்டையை மட்டும் வெட்டித் தர முடியுமா?"

வெட்டினேன். சாப்பாட்டுத் தட்டு அளவு.
நடுவில் சுண்டுவிரல் நுழையும் துளை.
உள்பக்கம் நார் பிரிந்து பூத்திருந்தது.
அந்தப் பக்கத்தில்தான் அவன்
வலை இழுத்துக்கொண்டிருந்தான்.
தேய்க்காமல் கொடுத்தேன்.

கூட்டு ரோந்து என்று பேப்பரில் போட்டிருந்தது.
கூட்டு என்றால்
இரண்டு பேரும் இருந்தார்கள் என்று நினைத்திருந்தேன்.
இரண்டு பேரும் இல்லை என்று பொருளாம்.
கப்பல் அவர்களுடையது, ரேடார் நம்முடையது.
சுடச் சொன்ன குரல் எந்த மொழியில் வந்தது என்று
தகவல் கேட்டு எழுதினாள்.
'தேசப் பாதுகாப்பு' என்று ஒரே வரி
தபால்தலை ஒட்டி வந்தது.

வேதாரண்யம் ஸ்டேஷனில் சொன்னார்கள்:
எங்கள் எல்லையில் நடக்கவில்லை.
நாகப்பட்டினத்தில் மனுவைத் திருப்பினார்கள்:
அதிகார எல்லைக்குள் வராது.
எல்லை தாண்டினான் என்றுதானே
சுட்டவர்களும் சொன்னார்கள்.
ஒரே சொல், மூன்று மேசை.

எத்தனை கனஅடி என்று
நடுவர் மன்றம் வரை போய் எண்ணி வாங்கிய மண் இது.
கடைமடைக்கு வந்த தண்ணீருக்குக் கணக்கு உண்டு,
கடலுக்குப் போனதற்கும் உண்டு.
கடலுக்குப் போனவனுக்கு?

நான்காவது முறை மனுவுக்கு எண் விழுந்தது.
போன செவ்வாய் வாய்தா.
சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம்.
லக்கேஜ் போடவா என்றார் கண்டக்டர்.

அரசு வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்தத் துளை விழுந்தது எந்த அட்சரேகையில்?"
சுபாசினி எழுந்தாள்.
"தெரியாதுங்க.
இப்ப உங்க மேசையில இருக்கு."

தட்டச்சு செய்யும் பெண் நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள்.
"சொன்னதைப் போடும்மா" என்றார் நீதிபதி.
வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் பத்தொன்பது.

திரும்பி வந்து ஒட்டைத் தட்டிப் பார்த்தேன்,
காய்ந்திருந்தது. நிறம்தான் ஒத்துப்போகவில்லை.
மேலே ஒரு பூச்சு அடிக்கட்டுமா என்றேன்.

வேண்டாம் என்றாள்.