தொண்ணூறு டாலருக்குள்

ஏரி இறுகிவிட்டது.
தாதுக் கப்பல்கள் துலூத் துறைமுகத்தில்
மூக்கில் பனிக்கட்டி தொங்க நிற்கின்றன.
மார்ச் கடைசி வரை எனக்கு வேலையில்லை.
சும்மா இரு என்றால்
கை கேட்கிறதா?
போன குளிர்காலத்தில்
நன்றாக ஓடிக்கொண்டிருந்த துணி துவைக்கும் மெஷினைப்
பிரித்துப் பார்த்தேன்.
மார்லிஸ் இன்னும் அதை மறக்கவில்லை.

"தொண்ணூறு டாலர்," என்றாள் இம்முறை.
"கெட்டுப்போனாலும்
நாம் இரண்டு பேரும் அழாத பொருளாகப் பார்."

அடகுக்கடை டெலோரிஸ்
மூன்று எலெக்ட்ரிக் கிட்டார்களைக்
கண்ணாடி மேசைமேல் கிடத்தினாள்.
அடியில் கைக்கடிகாரங்கள்,
மீன்பிடிச் சுருள்கள்,
யாருடையவோ கல்யாண மோதிரங்கள்.

முதலாவது நீலம்.
கழுத்து நேர். குமிழைத் திருகினால் ஒரு கரகரப்பில்லை.
தந்திகூடப் புதிது.
எங்கே தொட்டாலும்
'எனக்கென்ன குறை' என்கிறது.
குறையே இல்லாதவரோடு
எட்டு வாரம் என்னதான் பேசுவது?
வைத்துவிட்டேன்.

இரண்டாவதை, ஒரு கண்ணை மூடி,
மரக்கடையில் பலகை எடுப்பவன்போல
நீளவாக்கில் பார்த்தேன்.
யாரோ கூப்பிடத் திரும்பிய கழுத்து
அப்படியே நின்றுவிட்டது.
பிக்கப்பை மாற்றலாம்,
பிரிட்ஜை மாற்றலாம்,
வயரையெல்லாம் பிடுங்கி எறியலாம்.
முறுக்கிக்கொண்ட கழுத்துக்கு
என்னிடம் மருந்தில்லை.

மூன்றாவது கறுப்பு.
எதற்கோ வாங்கிய பெயின்டின் மிச்சத்தை
யாரோ பிரஷால் அப்பியிருக்கிறார்கள்.
பிரஷின் மயிர் ஒன்று
காய்ந்து அதிலேயே கிடக்கிறது.
தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது காசு. பார்த்தேன்.

ஹீட்டர் காற்றில் மரம் சுருங்கி
ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.
உள்ளங்கையில் ஒரு கோடு கீறியது.
"எண்பது," என்றாள் டெலோரிஸ்.
சுதியாணி பிடிக்கவில்லை; திருகத் திருக வழுக்கியது.
"எழுபத்தைந்து."
பிளக் சொருகும் ஓட்டை ஆடியது.
விருந்துக்கு வந்த இடத்தில்
ஏடாகூடமாய்ப் பேசும் சொந்தக்காரனைப்
பக்கத்தில் வைத்திருப்பவள்போல்
அவள் முகம் சிவந்தது.
ஒவ்வொரு குறைக்கும் எனக்கு உள்ளே
ஒரு சனிக்கிழமை கிடைத்துக்கொண்டிருந்தது.
ஃப்ரெட்டுக்கு ஒன்று, ஆணிக்கு ஒன்று,
பெயின்ட் சுரண்ட மூன்று.
கழுத்து மட்டும், ஆச்சரியம்,
தண்டவாளம்போல் நேர்.

"உனக்கு வாசிக்கத் தெரியுமா, கார்வின்?"
"இல்லை."
"அப்புறம் எதற்கு?"
பதில் யோசிப்பதற்குள்
அவளே அறுபத்தைந்துக்கு இறங்கிவிட்டாள்.

ராத்திரி, பேஸ்மென்டில்,
பக்கத்து வீட்டுப் பையனின் ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன்.
என்ன கெட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுப்
பிரிக்கலாமென்று.
தந்தியைத் தொடவே இல்லை.
முதலில் ஒரு இரைச்சல்,
தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல.
அதற்குள்ளிருந்து ஒரு ஆள் பேசினான்.

தெற்குக் கரையில் பனி பதினாறு அங்குலம்,
வண்டி ஓட்டிப் போகிறவர்கள் கவனம்,
ஹாக்கியில் நம்மவர்கள் மூன்றுக்கு ஒன்று.

உள்ளே கவசமில்லாத மலிவு கிட்டார்
எங்கோ கோபுரத்திலிருந்து போகும் வானொலியைத்
தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு
உட்காரவைத்ததுபோல் பிடித்து வைத்திருந்தது.

மார்லிஸ் பாதிப் படியில் நின்றாள்.
"அதற்குள் யார்?"
"தெரியவில்லை. வானிலை சொல்கிறான்."
கடைசிப் படிக்கு வந்து உட்கார்ந்தாள்.
நான் கிட்டாரைக் கொஞ்சம் திருப்பினேன்;
ஆள் மங்கினான்.
"திரும்ப அந்தப் பக்கம் திருப்பு," என்றாள்.

செம்புத் தகடு ஒட்டினால் வாயடைத்துவிடும்.
ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன்.
பெயின்ட் சுரண்டியாகிவிட்டது; அடியில் பச்சை.
ஃப்ரெட்டுக்கு அரம் போட்டாகிவிட்டது.
ஆணி ஆறும் புதிது.

சுருள் அலமாரியில் இருக்கிறது.
பார்க்கலாம்.
ஏரி இன்னும் திறக்கவில்லை.